டிஸ்க்கைக் கேட்டால் ரேம் பதில் சொல்கிறது

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து 'டிடி' என்ற பழைய கட்டளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: வெறும் பூஜ்யங்களால் ஆன 1 ஜிபி ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் எழுத வேண்டும். அரை விநாடியில் முடித்துவிட்டு, விநாடிக்கு 2 ஜிபி வேகத்தில் எழுதினேன் என்று கணக்கும் காட்டும். இங்கே ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு வைத்த பழைய வகை, எஸ்எஸ்டி அல்ல. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. தட்டின் வெளி விளிம்பில், ஒரு சுற்றுக்குள் ஒன்றரை எம்பி தகவல் அடங்குவதாக வைத்தால் விநாடிக்கு 180 எம்பி. தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் அந்தத் தட்டில் எழுத முடியாது. அப்படியானால் அந்த 2 ஜிபி எங்கிருந்து வந்தது?

ரேமிலிருந்து வந்தது. புரோகிராம் எழுதச் சொன்ன தகவலை ஆபரேட்டிங் சிஸ்டம் முதலில் காலியாக இருக்கும் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆயிற்று என்று சொல்லி அனுப்பிவிடும். தட்டில் பதிப்பதெல்லாம் பிறகு, தன் சௌகரியப்படி. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அந்தத் தகவல் 30 விநாடி வரைகூட ரேமிலேயே காத்திருக்கலாம். தபால் பெட்டியில் கடிதத்தைப் போட ஆன நேரத்தைப் பார்த்துவிட்டு, கடிதம் டெல்லிக்கு அரை விநாடியில் போய்ச் சேர்ந்தது என்று சொல்வது போலத்தான் இந்த 2 ஜிபி கணக்கும்.

அதே கட்டளையோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: தகவல் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே கடிகாரத்தை நிறுத்து. 'எஃப்டேட்டாசிங்க்' என்பது அதன் பெயர். இப்போது அரை விநாடி ஆறு விநாடியாகிறது, வேகம் 175 எம்பிக்கு இறங்கி வருகிறது. கணினி அதேதான், ஃபைலும் அதேதான். விடையில் மட்டும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கணினியைக் கட்டுபவர்கள் பல பத்தாண்டுகளாக மெனக்கெட்டுச் செய்துவரும் வேலை, மெதுவான பாகங்களின் மந்தத்தை நம் கண்ணில் படாமல் மறைப்பது. பிராசஸருக்குள் மூன்று அடுக்கு கேஷ், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ரேம் கேஷ், டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே இன்னொரு சிறு கேஷ் என்று வழியெங்கும் இடைத்தங்கல்கள். அன்றாட வேலைக்கு இவை வரப்பிரசாதம். அளக்க வருபவருக்கோ இவை ஒவ்வொன்றும் குறுக்கே புகுந்து, கேட்ட ஆளுக்குப் பதிலாகத் தான் பதில் சொல்லிவிடும். ஆகவே வேகம் அளப்பதில் பாதி வேலை, யார் பதில் சொன்னது என்று கண்டுபிடிப்பது.

வாசிப்பிலும் இதே கதை. ஒரு பெரிய ஃபைலை முதல் முறை வாசித்தால் டிஸ்க் பதில் சொல்லும். உடனே இரண்டாம் முறை வாசித்தால் ரேம் சொல்லும். நிர்வாகி அதிகாரத்தோடு ரேம் கேஷைக் காலிசெய்யும் வழி லினக்ஸில் உண்டு. காலிசெய்துவிட்டு வாசித்தால் வேகம் மறுபடி தரைக்கு வரும். 'எச்டிபார்ம்' என்ற கருவி இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்த வரியிலேயே தந்துவிடுகிறது. பெரிய டி கொடுத்தால் டிஸ்க்கைத் தொடாமல் ரேமிலும் கேஷிலும் இருப்பதைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டும். சிறிய டி கொடுத்தால் சுமார் 3 விநாடி டிஸ்க்கிலிருந்தே வாசிக்கும். முதல் எண் விநாடிக்குப் பல ஆயிரம் எம்பி, இரண்டாவது சில நூறு. முதல் எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் ஹார்டு டிஸ்க்கை மெச்சிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த இரண்டாவது எண்ணிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. வேறு இடம் சொல்லாவிட்டால் எச்டிபார்ம் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்துதான் வாசிக்கும். ஹார்டு டிஸ்க்கில் தொடக்கம் என்றால் தட்டின் வெளி விளிம்பு. அங்கே வட்டம் பெரியது, ஒரு சுற்றில் அதிகத் தகவல் வாசிக்கும் தலைக்குக் கீழே ஓடும். உள் வட்டத்துக்குப் போகப் போக வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிதாக வாங்கிய டிஸ்க் நிரம்ப நிரம்ப மந்தமாவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டின் சுழற்சியும் தகவலின் ஓட்டமும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பதைப் பார்க்க 1983க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியில் 10 எம்பி ஹார்டு டிஸ்க் இருந்தது. தட்டின் ஒரு வட்டத்தில், அதாவது ஒரு டிராக்கில், செக்டர் என்ற துண்டுகள் 17, ஒவ்வொன்றிலும் 512 பைட், விநாடிக்கு 60 சுற்று. பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 522 ஆயிரம் பைட் வரவேண்டும். வந்ததோ 87 ஆயிரத்தை ஒட்டி, ஆறில் ஒரு பங்கு.

காரணம் டிஸ்க் அல்ல. முதல் செக்டரை வாசித்து, சரிபார்த்து, கணினியிடம் ஒப்படைத்து முடிப்பதற்குள் இரண்டாவது செக்டர் தலையைத் தாண்டி ஓடிவிடும். தவறவிட்டால் அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று, அதாவது ஏறக்குறைய 17 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, அடுத்தடுத்த எண் கொண்ட செக்டர்களைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் ஆறு ஆறாகத் தள்ளி வைத்தார்கள். ஒன்றை வாசித்து மூச்சு வாங்கும் நேரத்தில் இடையிலுள்ள ஐந்தும் கடந்துபோக, சரியாக அடுத்தது வந்து நிற்கும். இந்தத் தள்ளி வைப்புக்கு இன்டர்லீவ் என்று பெயர்.

இதில் அளவீட்டின் அருமை புரியும் இடம் ஒன்று உண்டு. ஆறுக்குப் பதில் ஐந்தாக நெருக்கினால், கணினி ஈடுகொடுத்தால், வேகம் 104 ஆயிரம் பைட்டாக ஏறும். ஈடுகொடுக்கவில்லை என்றால் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு முழுச் சுற்று வீணாகி, வேகம் 24 ஆயிரத்துக்கு விழும். நடுவில் சரிவு எதுவும் கிடையாது, விளிம்பைத் தாண்டினால் பள்ளம்தான். எந்தக் கணினிக்கு எந்த எண் பொருந்தும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஸ்டீவ் கிப்சன் எழுதிய 'ஸ்பின்ரைட்' என்ற மென்பொருள் இதையே பிழைப்பாகக் கொண்டது. ஒவ்வொரு இன்டர்லீவாக அளந்து, சிறந்ததைக் கண்டு, தகவல் அழியாமல் டிஸ்க்கை மறுபடி ஒழுங்கு செய்து கொடுக்கும். ஒரு ரூபாய்க்குக்கூட வன்பொருள் மாற்றாமல், அளந்து பார்த்ததாலேயே பலருடைய கணினி வேகமான காலம் அது. இன்றைய டிஸ்க்குகளில் ஒரு டிராக்கையே விழுங்கிக்கொள்ளும் கேஷ் இருப்பதால் இன்டர்லீவ் என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது.

வேகமும் கொள்ளளவும் ஒரே சீராக வளரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1956இல் வந்த ஐபிஎம் 350 தான் விற்பனைக்கு வந்த முதல் ஹார்டு டிஸ்க். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகள். வேகம் விநாடிக்கு 8,800 எழுத்து. ஓட்ட வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மொத்தத்தையும் வாசிக்கப் பத்து நிமிடத்துக்கும் குறைவு. இன்று 20 டிபி டிஸ்க்கை, சராசரி 200 எம்பி என்று வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வாசிக்க ஒரு லட்சம் விநாடி ஆகும். ஏறக்குறைய 28 மணி நேரம். முழு பேக்கப் எடுப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

இதுவரை பேசியதெல்லாம் வரிசையாக வாசிக்கும் வேகம். கணினியோ பெரும்பாலும் அப்படி வாசிப்பதில்லை. விண்டோஸ் கிளம்பும்போதும், பிரவுசர் திறக்கும்போதும், டிஸ்க்கின் மூலை முடுக்கிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் எடுக்கிறது. சுழலும் டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டுக்கும் தலை நகர வேண்டும், சராசரியாக எட்டரை மில்லிவிநாடி. நகர்ந்த பிறகு தட்டு அரைச் சுற்றாவது சுற்ற வேண்டும், அது 4.17 மில்லிவிநாடி. ஆக ஒரு துண்டுக்கு 12.7 மில்லிவிநாடி, விநாடிக்கு 79 துண்டு. துண்டுக்கு 4 கேபி என்றால் விநாடிக்கு 0.32 எம்பி. வரிசையாக 180 எம்பி தந்த அதே டிஸ்க்தான் இது. எந்த எண்ணை அதன் வேகம் என்று சொல்வது? இரண்டும் உண்மை என்பதுதான் சங்கடம்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவது கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவசக் கருவியை. அதன் முகப்பில் நான்கு வரிகள். மேல் வரி, 1 எம்பி துண்டுகளை வரிசையாக, ஒரே நேரத்தில் எட்டுக் கோரிக்கைகளை அடுக்கி வைத்து வாசிப்பது. அடி வரி, 4 கேபி துண்டுகளை அங்குமிங்குமாக, ஒன்று வந்த பிறகே அடுத்ததைக் கேட்டு வாசிப்பது. என்விஎம்இ என்ற வேகமான இணைப்பில் ஓடும் நல்ல எஸ்எஸ்டி ஒன்றில் மேல் வரியில் 7,000 எம்பி மின்னும். அடி வரியில் 70 எம்பியை ஒட்டி இருக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சாவது மேல் வரி. என்னைக் கேட்டால், அன்றாடம் கணினி முன்னால் உட்காருபவர் பார்க்க வேண்டியது அடி வரியைத்தான்.

அந்த 70ஐக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். விநாடிக்கு 70 எம்பி, துண்டுக்கு 4,096 பைட். அப்படியானால் ஒரு துண்டு வர ஏறத்தாழ 58 மைக்ரோவிநாடி. எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் சிப்புக்குள் ஒரு பக்கத்தை வாசிக்கவே பல பத்து மைக்ரோவிநாடி ஆகும். கேபிள், ஸ்லாட், தலைமுறை எதை மாற்றினாலும் அந்தக் காத்திருப்பு பெரிதாகக் குறையாது. மேல் வரி 7,000 ஆவது எப்படி என்றால், எஸ்எஸ்டிக்குள் பல சிப்புகள் இருக்கின்றன, நிறையக் கோரிக்கைகளை ஒன்றாகக் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பழைய சாட்டா இணைப்பில் 550 எம்பியில் இருந்தவர் என்விஎம்இக்கு மாறியதும் மேல் வரி பத்து மடங்குக்கு மேல் துள்ளும். விண்டோஸ் கிளம்பும் நேரமோ ஒன்றிரண்டு விநாடி குறைந்தாலே அதிகம்.

எஸ்எஸ்டிகளுக்கே உரிய சில வித்தைகளும் உண்டு. 2010ஐ ஒட்டிப் பரவிய சேண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்கள் வரும் தகவலைச் சுருக்கி எழுதின. சோதனைக் கருவி வெறும் பூஜ்யங்களை அனுப்பினால், சுருக்கியபின் எழுத ஒன்றுமே இருக்காது, வேகம் கூரையைத் தொடும். சுருக்க முடியாத தகவலை அனுப்பும் ஏஎஸ் எஸ்எஸ்டி போன்ற கருவியில் அதே டிஸ்க் தலையைத் தொங்கப் போட்டது. இன்னொன்று, அழிக்கப்பட்டுக் காலியாக உள்ள இடத்தை வாசிக்கச் சொன்னால் பல எஸ்எஸ்டிகள் ஃபிளாஷைத் தொடாமலேயே பூஜ்யங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். புத்தம் புது டிஸ்க்கில் வாசிப்பு வேகம் அளந்தால், இல்லாத தகவலை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதே தெரியும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது எழுதும் வேகம். இன்றைய விலை மலிந்த எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லில் மூன்று அல்லது நான்கு பிட் அடைக்கிறார்கள், அப்படி எழுத நேரம் பிடிக்கும். அதனால் ஒரு பகுதியை ஒரு செல்லுக்கு ஒரே பிட் என்று ஒதுக்கி, வருவதை அங்கே வேகமாக வாங்கிவைத்து, பிறகு ஓய்வாக உள்ளே அடுக்குகிறார்கள். 2020இல் வந்த சாம்சங் 870 க்யூவிஓ இதற்கு நல்ல உதாரணம். 1 டிபி மாடலில் இந்த வேகப் பகுதி அதிகபட்சம் 42 ஜிபி. அதுவரை விநாடிக்கு 530 எம்பி, அது நிரம்பியதும் 80 எம்பி. சுழலும் டிஸ்க்கைவிடக் குறைவு. இந்த எண்களை சாம்சங்கே தன் விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கிறது, அந்த நேர்மைக்குப் பாராட்டலாம். 1 ஜிபி ஃபைலை எழுதி அளக்கும் கருவியின் கண்ணில் அந்த 80 ஒருபோதும் படாது. கல்யாண வீடியோக்களை மொத்தமாகக் காப்பி செய்கிற ஸ்டூடியோக்காரர் கண்ணில் படும்.

இனி ரேம். இங்கே சொல்லப்படும் எண்ணைப் பெறுவது எளிது. டிடிஆர்4-3200 என்றால் விநாடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். ஆக 25.6 ஜிபி. இரண்டு சேனல் என்றால் 51.2. இது பாதையின் அகலம் மட்டுமே. ரேமில் உள்ள தகவல் கசிந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு 64 மில்லிவிநாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும், அந்த நேரத்தில் வாசிக்க முடியாது. வாசிப்பிலிருந்து எழுதுவதற்கு மாறும்போது ஒரு இடைவெளி, ஒரு வரிசையை மூடி இன்னொன்றைத் திறக்க ஒரு இடைவெளி. கையில் கிடைப்பது எப்போதும் அச்சிட்ட எண்ணைவிடக் குறைவே.

எவ்வளவு குறைவு என்று அளக்க உலகம் இன்றும் நம்புவது 'ஸ்ட்ரீம்' என்ற மிகச் சிறிய புரோகிராமை. எழுதியவர் ஜான் மெக்கல்பின். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கடலியல் துறையில் இருந்தவர். கடல் நீரோட்டங்களைக் கணிக்கும் கணக்குகளில் பிராசஸர் பெருக்கிக் கூட்டும் நேரத்தைவிட நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரமே அதிகம். ஆகவே அவருடைய புரோகிராம் நான்கே வேலைகளைச் செய்கிறது: ஒரு நீளமான எண் வரிசையை இன்னொன்றுக்குப் பிரதியெடுப்பது, ஒரு எண்ணால் பெருக்குவது, இரண்டு வரிசைகளைக் கூட்டுவது, பெருக்கிக் கூட்டுவது. அதோடு ஒரு கறாரான விதி. வரிசை ஒவ்வொன்றும் பிராசஸரின் கேஷைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேமுக்குப் பதில் கேஷ் பதில் சொல்லிவிடும்.

இதையே நாமாக எழுதிப் பார்த்தால் கண்ணிவெடிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். 1 ஜிபி நினைவகத்தைக் கேட்டு வாங்கி, முழுவதையும் வாசித்துக் கூட்டும் சுழல் ஒன்றை எழுதுவோம். ஓட்டினால் பூஜ்ய விநாடி என்று வரும். கூட்டுத்தொகையை யாரும் பயன்படுத்தவில்லை என்று கம்பைலர் கண்டுகொண்டு, சுழலையே தூக்கி எறிந்திருக்கும். சரி, கூட்டுத்தொகையைத் திரையில் அச்சிடச் சொல்வோம். இப்போது நேரம் வரும், ஆனால் வேகம் ரேமின் எல்லையையே தாண்டி நிற்கலாம். லினக்ஸில், வாங்கிய நினைவகத்தில் எதுவும் எழுதாமல் வாசித்தால், எல்லாப் பக்கங்களுக்கும் பூஜ்யங்கள் நிறைந்த ஒரே பக்கத்தைச் சுட்டிக்காட்டிவிடும். ஒரு ஜிபியை வாசித்ததாக நாம் நினைத்திருப்போம், பிராசஸர் அந்த ஒரு பக்கத்தைக் கேஷிலிருந்தே திரும்பத் திரும்ப வாசித்திருக்கும். முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் எதையாவது எழுதிவிட்டு வாசித்தால்தான் உண்மையான ரேம் வாய் திறக்கும்.

பிரதியெடுப்பதிலும் ஒரு மறைமுகச் செலவு. 8 பைட் வாசித்து 8 பைட் எழுதினால் 16 பைட் என்று நாம் கணக்கு வைக்கிறோம். பிராசஸரோ, எழுதப்போகும் இடத்தில் முன்பு இருந்ததையும் முதலில் கேஷுக்குக் கொண்டுவந்துதான் அதன் மேல் எழுதும். பாதையில் உண்மையில் ஓடியது 24 பைட். இதைத் தவிர்க்கத் தனிக் கட்டளைகள் உண்டு, கம்பைலர் அவற்றைப் பயன்படுத்தியதா இல்லையா என்பதைப் பொறுத்து அதே கணினியில் ஸ்ட்ரீம் எண் மாறும். இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிட்டு மல்லுக்கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அலகையும் கேட்டுக்கொள்ளலாம். டிடி காட்டும் எம்பி பத்து லட்சம் பைட், எச்டிபார்ம் காட்டும் எம்பி 10,48,576 பைட். ஒரே டிஸ்க் முதலாவதில் 180 என்றும் இரண்டாவதில் 172 என்றும் வரும்.

ரேமிலும் ஓட்டம் வேறு, காத்திருப்பு வேறு. காத்திருப்பை அளக்கும் உத்தியை 1996இல் லாரி மெக்வாயும் கார்ல் ஸ்டேலினும் வெளியிட்ட 'எல்எம்பெஞ்ச்' பரவலாக்கியது. நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் அடுத்துப் போக வேண்டிய முகவரியை எழுதிவைப்பது. இதை வாசித்தால்தான் அடுத்தது எங்கே என்றே தெரியும் என்பதால், முன்கூட்டி எடுத்து வைக்கப் பிராசஸருக்கு வழியில்லை. முகவரிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போலக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கைக் கண்டுபிடித்து ஊகித்துவிடும். வரிசையின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு தாவலுக்கு ஆகும் நேரத்தை வரைந்தால் கோடு படிக்கட்டாக ஏறும். முப்பது சொச்சம் கேபி வரை ஒரு நானோவிநாடியை ஒட்டிய தரை. முதல் கேஷ் தீர்ந்ததும் ஒரு படி, அடுத்த கேஷ் தீர்ந்ததும் இன்னொரு படி. கடைசிக் கேஷும் தீர்ந்ததும் 80, 90 நானோவிநாடிக்கு ஒரு பெரிய தாவல், அதுதான் ரேம். விவரக் குறிப்பைத் திறக்காமலேயே உங்கள் பிராசஸருக்குள் எந்த அளவில் எத்தனை கேஷ் இருக்கிறது என்பதை இந்தக் கோட்டிலிருந்து படித்துவிடலாம். கணினி அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

இதையெல்லாம் ஓட்டிப் பார்த்து உடனே பலன் காணக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு வரும் லேப்டாப்கள் பல ஒரே ரேம் ஸ்டிக்கோடு வருகின்றன. 8 ஜிபி போட்டிருக்கிறது என்று அட்டையில் இருக்கும், இரண்டு சேனலில் ஒன்று சும்மா கிடக்கிறது என்று இருக்காது. அது டிடிஆர்4-3200 என்றால், ஸ்ட்ரீமை ஓட்டியதும் எண் 25.6க்குக் கீழே எங்கோ நிற்கும். காலி ஸ்லாட்டில் அதே அளவில் இன்னொரு ஸ்டிக்கைப் போட்டு மறுபடி ஓட்டினால், எல்லா கோர்களும் வேலை செய்யும் நிலையில், எண் ஏறக்குறைய இரட்டிக்கும். படிக்கட்டுக் கோட்டின் கடைசிப் படியோ அதே உயரத்தில்தான் இருக்கும். காத்திருப்பு குறையவில்லை. பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப்பில் கேம் ஆடுபவருக்கு இந்த மாற்றம் கண்கூடாகத் தெரியும். எக்செல்லில் கணக்கெழுதுபவருக்கு வித்தியாசம் தெரிந்தால், அது சேனல் கூடியதால் இருக்காது, 8 ஜிபி 16 ஆனதால்தான் இருக்கும்.